மிலிட்டரி மாமாவோட மெடல் ஃப்ரேம்: ஆறு வாரம், ரெண்டு தப்பு, ஒரு வாஷர்

மாமாவுக்கு 80 முடியப்போகுதுன்னு அத்தை சொன்னப்ப நான் நம்பல, ஏன்னா அதுக்கு முந்தின வாரம்தான் லாரி அடியில அட்டையப் போட்டு படுத்துக்கிட்டு செல்ஃப் மோட்டார் கழட்டிட்டு இருந்தாரு. சொந்த மாமா கிடையாது, எங்க ஏரியாவுல எல்லாருக்குமே அவரு மிலிட்டரி மாமாதான், எனக்கு கொஞ்சம் கூடுதலா, ஏன்னா எட்டாவது லீவுல சும்மா கடை வாசல்ல நின்னுட்டு இருந்தவன் கையில ஸ்பேனரக் குடுத்து உள்ள கூப்பிட்டது அவருதான். 1963ல 18 வயசுல ஆர்மில சேந்தவரு, 62 சீனா சண்டை முடிஞ்சு ஆள் நிறைய எடுத்த சமயம், இஎம்இ கோர். அந்த பேரு தெரியாதவங்களுக்கு, ஆர்மியோட வண்டி டேங்க் துப்பாக்கி ரேடியோ எது படுத்தாலும் எழுப்பி விடுறவங்க அவங்கதான். செகந்திராபாத்ல ட்ரெய்னிங், 15 வருஷ சர்வீஸ், 1978ல வெளிய வந்து 1979ல ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை போட்டாரு. டைனமோ, செல்ஃப், வயரிங், பேட்டரி சார்ஜ். 46 வருஷமா அதே ஷட்டர், அதே பூட்டு. அந்த பூட்டு பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

பசங்க எல்லாம் சேந்து ஒரு ஷீல்டு அடிச்சுக் குடுக்கலாம்னாங்க. அவருக்கு ஏற்கனவே வந்த ஷீல்டு நாலும் பரண்ல டைனமோ பாடிக்கு முட்டுக் குடுத்துட்டு இருக்கு, அஞ்சாவது எதுக்குன்னு நான்தான் மறுத்தேன். அப்புறம் அத்தைகிட்ட பேசும்போதுதான் மெடலப் பத்தி வந்துச்சு. எங்க அத்தை வச்சிருக்காருன்னு கேட்டா, "பேரிங் டப்பாவுல கெடக்கும் பாரு"ங்கறாங்க. நான் ஏதோ பேச்சுக்கு சொல்றாங்கன்னு நெனச்சேன். நெசமாவே பேரிங் டப்பா. கிரீஸ் தடவின பழைய பேரிங் ஏழெட்டு, அதுக்கு நடுவுல ரிப்பனோட சுருட்டி வச்ச நாலு மெடல்.

அஞ்சாவது எங்கன்னு கேட்டதுக்கு அத்தை சிரிச்சாங்க. "தெனமும் பாக்குறியே, தெரியலையா?" கடைச் சாவி! அந்த ஷட்டர் சாவிக் கொத்துல வட்டமா ஒண்ணு தொங்கும், நான் முப்பது வருஷமா அத ஏதோ பழைய டோக்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். அது 9 வருஷ லாங் சர்வீஸ் மெடல். கட்டை விரல் பட்டுப் பட்டு முகமே வழிச்சுப் போயி, சாய்ச்சு வெளிச்சத்துல பிடிச்சாத்தான் ஏதோ இருந்த தடம் தெரியும்.

சரி, என்னென்ன இருந்துச்சுன்னு சொல்லிடறேன். 65 சண்டைக்கான ரக்ஷா மெடல், 71க்கான பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், 1972 ஆகஸ்ட் 15ல சர்வீஸ்ல இருந்தவங்களுக்குக் குடுத்த 25வது சுதந்திர ஆண்டு மெடல், அப்புறம் சாவிக்கொத்து. 71ல கிழக்குப் பக்கம் நின்னவங்களுக்கு பூர்வி ஸ்டார், மேற்குப் பக்கம்னா பஸ்சிமி ஸ்டார். மாமா மேற்குப் பக்கம் ஷகர்கர் செக்டார்ல டேங்க் ரெகவரில இருந்தாரு, மைன்ல மாட்டி செயின் அறுந்த டேங்க இழுத்துட்டு வர வேலை. அதப் பத்தி அவரு சொன்னது மொத்தமே இவ்வளவுதான், "குளிரு மாப்ள, ஸ்பேனர் கையில ஒட்டும்". அதுக்கு மேல கேட்டா கார்பன் பிரஷ்ஷ எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிருவாரு.

ஸ்டார் வெண்கல நிறம், அஞ்சு முனை. மத்த நாலும் வட்டம், வெர்னியர் வச்சுப் பாத்தா 35 மி.மீ., செப்பும் நிக்கலும் கலந்த மெட்டல், பாக்க வெள்ளி மாதிரி இருக்கும் ஆனா வெள்ளி இல்ல. முக்கியமான சமாச்சாரம் விளிம்புல இருக்கு. விளிம்பச் சுத்தி அவரோட நம்பர், சிஎஃப்என், பேரு, இஎம்இன்னு பொடி எழுத்துல வெட்டியிருக்கு. சிஎஃப்என்னா கிராஃப்ட்ஸ்மேன், மத்த கோர்ல சிப்பாய்ங்கறத இங்க அப்படி சொல்வாங்க. எனக்கு அந்த வார்த்தைய ரொம்பப் புடிச்சிருச்சு, ஆளுக்கு அப்படியே பொருந்துது.

முதல் தப்ப அன்னைக்கு ராத்திரியே பண்ணிட்டேன். டப்பாலருந்து எடுத்ததும் ஒரே பச்சைப் பிசுக்கு. கிரீஸ் இருந்தா மெட்டலுக்கு நல்லதுதானேன்னு தோணும், காத்தும் தண்ணியும் படாம காப்பாத்துறது உண்மைதான், ஆனா வருஷக்கணக்குல கெடந்து பழசாகும்போது கிரீஸ்ல ஆசிட் உருவாகும், அது செப்போட சேந்து பச்சையா மெழுகு மாதிரி ஆயிரும். பழைய பித்தளை டெர்மினல்ல வரும்ல, அதே சங்கதி. நான் யோசிக்காம பித்தளை பாலிஷ் கொஞ்சம் பஞ்சுல எடுத்து ரக்ஷா மெடலோட பின்பக்கம் தேச்சேன். பளபளன்னு வந்துச்சு, பஞ்சு கருகருன்னு ஆச்சு. நல்லா அழுக்கு வருதேன்னு சந்தோசமா விளிம்பு வரைக்கும் போயிட்டேன். அப்புறம் லென்ஸ் வச்சுப் பாத்தா நம்பரோட கடைசி ரெண்டு எழுத்து ஓரம் மழுங்கின மாதிரி இருக்கு. பஞ்சுல வந்த கறுப்பு அழுக்கு இல்லங்க, மெடல்தான். பாலிஷ்ல இருக்கறது பொடி அரம் மாதிரி ஒரு மாவு, ஒவ்வொரு தேய்ப்புக்கும் ஒரு தோல எடுத்துட்டுத்தான் மினுக்கும். அத்தன வருஷம் பேரிங் டப்பாவுல கெடந்தும் போகாத எழுத்த நான் ரெண்டு நிமிசத்துல போக்கப் பாத்தேன். அன்னைக்கு சரியா தூக்கம் வரல, இப்பவும் அந்தப் பக்கம் மட்டும் தனியா மினுக்கிட்டு நிக்குது.

அதுக்கப்புறம் பாலிஷத் தொடவே இல்ல. பிசுக்க முதல்ல பல்லுக்குத்துற குச்சியால மெதுவா சுரண்டினேன், குச்சி மெட்டல விட மெதுவானது, கோடு விழாது. அப்புறம் கொஞ்சம் வெள்ளை மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், அதுலயே முக்கால்வாசி போயிருச்சு. அடுத்து ஐசோப்ரோபைல் ஆல்கஹால், மொபைல் கடைல போர்டு கழுவுற ஐபிஏதான். கடைசியா டிஸ்டில்ட் வாட்டர். பைப் தண்ணில கழுவாதீங்க, அதுல இருக்க உப்பு காயும்போது பொட்டுப் பொட்டா தங்கி அங்கருந்தே திரும்ப அரிக்க ஆரம்பிக்கும். டிஸ்டில்ட் வாட்டருக்கு எங்க போறதுன்னு யோசிக்கவே வேணாம், மாமா கடைல பேட்டரிக்கு ஊத்த கேன் கேனா இருக்கு, அவர்கிட்டயே காசு குடுத்து வாங்கி அவரு மெடலையே கழுவினேன். வண்டிக்காடான்னு கேட்டாரு, ஆமான்னு சொல்லிட்டேன். கழுவினதும் ஹேர் டிரையர்ல லோ ஹீட்ல காட்டி, மேல மைக்ரோ கிரிஸ்டலைன் வாக்ஸ் ஒரே ஒரு கோட். வெறுங்கையால தொடக்கூடாது, வேர்வை உப்பு ரேகையாவே பதிஞ்சிரும். கையுறை கூட நைட்ரைல்தான், சாதா ரப்பர்ல கந்தகம் இருக்கும்.

ரிப்பன் கதை வேற. ஒவ்வொண்ணும் 32 மி.மீ. அகலம், கிரீஸ் குடிச்சுக் குடிச்சு கறுத்துப் போச்சு. சோப்புத் தண்ணில ஊறப் போடலாம்னுதான் முதல்ல தோணுச்சு, ஆனா மெடல்ல சூடு பட்டதால இந்த தடவ பின்பக்கம் ஒரு ஓரத்துல ஈரப் பஞ்ச வச்சுப் பாத்தேன், பஞ்சு உடனே செவப்பாயிருச்சு. ஊறப் போட்டிருந்தா அஞ்சு கலரும் ஒண்ணா ஓடி வந்திருக்கும். ரெண்டு ரிப்பன பூச்சி வேற அரிச்சிருந்துச்சு. அதனால கண்டோன்மென்ட் பக்கம் யூனிஃபார்ம் சாமான் விக்கிற இடத்துல எல்லாத்துக்கும் புதுசு வாங்கியாச்சு, பழைய ரிப்பன தூக்கிப் போடாம ஆசிட் இல்லாத பேப்பர்ல மடிச்சு ஃப்ரேமுக்குப் பின்னாடி ஒரு கவர்ல வச்சுட்டேன், மேல எது எந்த மெடலோடதுன்னு பென்சில்ல எழுதி.

இப்ப சாவிக்கொத்து. இத எப்படி எடுக்கறதுங்கறதுதான் பெரிய பிளான். மத்தியானம் ரெண்டு மணிக்கு அவரு சேர்லயே அரைமணி கண்ண மூடுவாரு, அந்த நேரத்துல கொத்தக் கழட்டி மெடல எடுத்துட்டு, வெயிட் தெரியணும்னு அதே சைஸ்ல ஒரு பித்தளை வாஷர மாட்டிட்டேன். எனக்கே ரொம்ப சாமர்த்தியமா தோணுச்சு. நாலு மணிக்கு போன். "மாப்ள, எவனோ என் சாவில வாஷர் மாட்டி வச்சிருக்கான்டா." இல்ல மாமா எப்பவும் அதானே இருந்துச்சுன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. "நாப்பத்தாறு வருஷமா கைல பிடிக்கறேன், எனக்குத் தெரியாதா?" அடுத்த ஒரு வாரம் கடைல இருக்க பையன் பாவம், பெஞ்சுக்கு அடியில, பேட்டரி ரேக்குக்குப் பின்னாடின்னு தேடாத எடமில்ல. ரெண்டு மூணு தடவ சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்து முழுங்கினேன். அத்தைதான் பல்லக் கடிச்சுட்டு இருன்னு சொன்னாங்க.

அந்த மெடல நான் எதுவுமே பண்ணல. ஐபிஏல துடைச்சேன், அவ்வளவுதான். முகம் வழிச்சது வழிச்சபடியே. மேல ரிப்பன் கோக்கற கம்பில சாவி வளையம் ஓடி ஓடி ஒரு பள்ளமே விழுந்திருக்கு, அதுல ரிப்பனக் கோத்தா நூல் நூலா பிரிஞ்சிரும். அதனால ரிப்பன மட்டும் மேல தனியா தெச்சு, மெடல கீழ ஒரு கொக்கில மாட்டற மாதிரி வச்சேன். கொக்கி, வைண்டிங் கம்பி 16 கேஜ், மெடல்ல ஒரசாம இருக்க மேல ஃபைபர் கிளாஸ் ஸ்லீவ். மோட்டார் வைண்டிங்ல போடறதேதான். பிவிசி ஸ்லீவ் போடாதீங்க, நாளாக நாளாக அதுலருந்து குளோரின் சமாச்சாரம் கசிஞ்சு செம்ப அரிக்கும்.

ஃப்ரேம். கடைல ரெடிமேடா விக்கற பெட்டி ஃப்ரேம் எல்லாம் எம்டிஎஃப்ல, அதாவது மரத்தூள பசை போட்டு அழுத்தின பலகைல வருது. மூடின பெட்டிக்குள்ள எம்டிஎஃப், பிளைவுட் எல்லாம் மெதுவா ஆசிட் ஆவிய விட்டுட்டே இருக்கும், மெட்டலுக்கு அது ஸ்லோ பாய்சன். நல்ல மரத்துலயே சிலதுல அந்தப் பிரச்சினை உண்டு. நான் அலுமினிய செக்‌ஷன்ல நாலு பக்கம், உள் ஆழம் 30 மி.மீ., மூலைய 45 டிகிரில வெட்டி உள்ள எல் ஆங்கிள் குடுத்தேன், முதல் மூலை ஒட்டவே இல்ல, ரெண்டாவது பரவால்ல, நாலாவது வெட்டும்போதுதான் கை வந்துச்சு, எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சுக்கிறேன். பின்னாடி 3 மி.மீ. ஏசிபி ஷீட், ரெண்டு பக்கமும் அலுமினியத் தகடு, நடுவுல பிளாஸ்டிக். மேல துணி, எல்லாரும் வெல்வெட்டு போடச் சொன்னாங்க, சிலர் கம்பளி ஃபெல்ட். கம்பளில கந்தகம் இருக்கு, மெட்டல் கறுத்துரும். சாயம் போடாத காடாத் துணிய ரெண்டு தடவ துவைச்சு கஞ்சி போனதும் இழுத்துக் கட்டினேன். ஷீட்ல 1.5 மி.மீ. பிட்டு போட்டு ஓட்டை, அது வழியா ரிப்பன பருத்தி நூல்ல தையல். பசை ஒரு சொட்டு கிடையாது.

பசை போடாததுக்குக் காரணம் மாமாதான். நான் சின்னப் பையனா இருக்கும்போது ஒரு சுவிட்ச்ச அரால்டைட் வச்சு ஒட்டிட்டேன், அவரு ஒண்ணும் திட்டல, அடுத்த மாசம் அதே சுவிட்ச் போயி திரும்ப வந்துச்சு, என்னையே கழட்டச் சொல்லிட்டு பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தாரு. ரெண்டு மணி நேரம் ஆச்சு. "எத மாட்டினாலும் கழட்ட வழி வச்சு மாட்டு மாப்ள, கழட்டப் போறது நீயா இல்ல வேற எவனோ." அதனால முன்பக்க அக்ரிலிக் ஷீட்டு முதக்கொண்டு எல்லாமே 4 மி.மீ. ஸ்டார் ஸ்க்ரூ.

ரெண்டாவது தப்பு இதுலதான். தூசி போகாம இருக்க அக்ரிலிக் ஓரத்துல சிலிக்கான் ஒரு கோடு விட்டேன், ஹார்டுவேர் கடைல சாதாரணமா கிடைக்கற ட்யூப். போட்டதும் குப்புன்னு வினிகர் வாசம். எல்லா சிலிக்கானும் அப்படித்தான்னு இருந்துட்டேன். ஏதோ உறுத்தி, மெடல் வைக்கறதுக்கு முன்னாடி வைண்டிங் கம்பில எனாமல சுரண்டி பளிச்சுன்னு ஒரு துண்டு, பக்கத்துல ஈரப் பஞ்சு, பெட்டிய மூடி நாலு நாள் விட்டேன். தொறந்தா கம்பி மங்கிப் போயி ஓரத்துல பச்சை. வினிகர் வாசம்னா அசிட்டிக் ஆசிட், காயும்போது அது வெளிய வந்துட்டே இருக்கும், மூடின பெட்டிக்குள்ள எங்க போகும்? மியூசியம்காரங்க இத ஓடி (Oddy) டெஸ்ட்னு முறையா பண்ணுவாங்கன்னு அப்புறம் படிச்சேன், 1973ல பிரிட்டிஷ் மியூசியத்துல ஆரம்பிச்சது, வெள்ளி ஈயம் செம்பு மூணு துண்டையும் சோதிக்கற பொருளோட மூடி வச்சு 60 டிகிரில 28 நாள். என்னோடது ஏழைக்கேத்த ஓடி டெஸ்ட். சிலிக்கான் முழுசையும் பிளேடு வச்சு சுரண்டி எடுத்துட்டு நியூட்ரல் க்யூர்னு எழுதியிருக்க ட்யூப் வாங்கினேன், அதுல அந்த வாசம் வராது. அதையும் ஃப்ரேம் பக்கம் மட்டும்தான் விட்டேன், காஞ்சு அது ஒரு வாஷர் மாதிரி ஆனதுக்கப்புறம்தான் அக்ரிலிக்க வச்சு ஸ்க்ரூ. ஒரு வாரம் ஆற விட்டு இன்னொரு கம்பி வச்சு பாத்தேன், பளபளப்பு குறையல. இந்த ஒரு வேலைலயே பத்து பன்னெண்டு நாள் ஓடிப் போச்சு.

வரிசை வைக்கறதுலயும் ஒரு குழப்பம். நெஞ்சுல போடும்போது பெரிய மெடல் நெஞ்சு நடுவுப் பக்கம் வரும், அதாவது எதிர்ல நிக்கறவங்களுக்கு இடது ஓரம். நான் போட்டோல அவரு நிக்கறத நெனச்சு அவரோட இடது என்னோட வலதுன்னு மாத்தி மாத்தி யோசிச்சு மொத்தத்தையும் தலைகீழா தெச்சுட்டேன். பிரிச்சு, திரும்ப பஸ்சிமி ஸ்டார், ரக்ஷா, சங்க்ராம், 25வது ஆண்டு, கடைசியா 9 வருஷம். பசை போட்டிருந்தா தொலைஞ்சேன்.

கீழ் பாதி கடைக்கு. ஒரே ஒரு பொருள்தான் வச்சேன். கம்யூட்டேட்டர்ல, அதாவது மோட்டாரோட சுத்தற பாகத்துல கார்பன் பிரஷ் ஒரசற செம்புப் பட்டை வளையத்துல, செம்புக்கு நடுவுல இருக்க மைக்காவ கீழ இறக்கி விடணும், இல்லன்னா கார்பன் பிரஷ் தவ்வும், தீப்பொறி அடிக்கும். அதுக்கு மாமா ஹாக்சா பிளேட ஒடச்சு, பல்லோட பக்கவாட்ட கல்லுல தேச்சு, துணி டேப் சுத்தி அவரே ஒரு கத்தி பண்ணி வச்சிருந்தாரு. தேஞ்சு தேஞ்சு விரல் நீளத்துக்கு வந்ததும் வேற பண்ணிட்டு பழச டிராயர்ல போட்டுட்டாரு. மொத மொதலா கடை போட்டப்ப பண்ணதுன்னு ஒரு தடவ சொல்லியிருக்காரு. துருவ எடுக்கல, அதே வாக்ஸ் ஒரு கோட், டேப்புல இருக்க கைக்கறையோட அப்படியே ரெண்டு கொக்கில உக்கார வச்சாச்சு. பக்கத்துல இஎம்இ யூனிஃபார்ம்ல இருக்க போட்டோ, ஒரிஜினல 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி பிரிண்ட்தான் உள்ள, ஒரிஜினல் அத்தைகிட்ட. கடைல பகல் வெளிச்சம் நேரா விழும், ஒரிஜினல வச்சா நாளாக நாளாக வெளுத்துரும்.

பிறந்த நாள் அன்னைக்கு காலைல எட்டரைக்கு, அவரு ஷட்டர் தூக்கற நேரத்துக்கே போயிட்டோம். ஒரு இருபது பேர் இருப்பாங்க, பழைய லாரி டிரைவருங்க, பக்கத்து லேத்துக்காரரு, அவர்கிட்ட தொழில் கத்துட்டு தனியா கடை போட்டவங்க ஏழு பேர். யாரும் பேச்செல்லாம் பேசல, பேச வந்தவரையும் அவரு விடல. ஃப்ரேம பெஞ்சு மேல வச்சு நியூஸ் பேப்பர நான்தான் எடுத்தேன்.

கண்ணாடிய நெத்தில ஏத்திட்டு கிட்ட வந்து பாத்தாரு. இடதுலருந்து ஒவ்வொண்ணா. ஸ்டார் கிட்ட கொஞ்ச நேரம். ரக்ஷா கிட்ட வந்ததும் "இதத் தேச்சியா?"ன்னாரு. எப்படிய்யா தெரிஞ்சுதுன்னு இன்னும் புரியல, தேச்சது பின்பக்கம், விளிம்புல ஒரு ஓரம்தான் தெரியும். ஆமா மாமா தெரியாம பண்ணிட்டேன்னேன். ம்னு மட்டும் சொன்னாரு. அப்புறம் கடைசி மெடல் கிட்ட வந்தாரு. கடைப் பையன் திரும்பி என்னப் பாத்த பார்வைய சொல்லி முடியாது, ஒரு வாரம் பேட்டரி ரேக் நகட்டினவன்.

மாமா ஒண்ணும் பேசல. ஃப்ரேம அப்படியே கவுத்தி பின்பக்கம் பாத்தாரு, மூலைய விரலால தடவிப் பாத்தாரு, திரும்ப நிமித்தி வச்சாரு. கையை மட்டும் பின்னாடி நீட்டி, "ரெண்டாம் நம்பர் ஸ்டார் எடு மாப்ள."

ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர எடுத்துக் குடுத்தேன். எட்டு ஸ்க்ரூவையும் நிதானமா கழட்டி பழக்கப்படி டப்பா மூடில வரிசையா வச்சாரு. அக்ரிலிக்க எடுத்து பையன் கையில குடுத்தாரு, கொக்கிலருந்து அந்த 9 வருஷ மெடல எடுத்தாரு, பாக்கெட்ல இருந்து சாவிக் கொத்த எடுத்து வாஷரக் கழட்டிட்டு மெடல மாட்டினாரு. கட்டை விரலால ஒரு தடவ தேச்சுப் பாத்துட்டு உள்ள போட்டுக்கிட்டாரு. அந்த வாஷர சும்மா விடல, துடைச்சு, கொக்கில ரிப்பனுக்குக் கீழ அத மாட்டிட்டு அக்ரிலிக்க வாங்கி வச்சு எட்டு ஸ்க்ரூவையும் திரும்ப முடுக்கினாரு, எதிரெதிர் மூலையா.

ஃப்ரேம் இப்ப கடைல சார்ஜர் மேல தொங்குது. வர்றவங்க அந்த அஞ்சாவது எந்தப் போருக்குக் குடுத்ததுன்னு கேக்கறாங்க, பையன் ஆளுக்கொரு கதை சொல்லிட்டு இருக்கான்.